ஆடுகிறவர்கள் சமம், சீட்டுகள் சமமல்ல

"எல்லாச் சீட்டுக்கும் ஒரே பலம் கொடுத்துட்டா வம்பே இல்லீங்களே" என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை. இந்தப் பதிவு முழுக்க அந்தச் சண்டைதான். எழுபது வயதுக்கு மேல் ஆன மனுசனுக்குக் குழந்தைகளின் சீட்டு விளையாட்டில் என்ன வழக்கு என்று நீங்கள் கேட்கலாம். வழக்கு இருக்கிறது. நியாயம் என்றால் என்ன என்பதை நம் பேரப்பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதுவும் நல்லெண்ணத்தோடு சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன கோடை விடுமுறையில் பலகை விளையாட்டு ஒன்றை அவனே உருவாக்கினான். பலகை, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம். சீட்டுகள், வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டியது. நம் ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை. கதைக்கு அவன் வெளிநாட்டு டிராகனைத் தேடிப் போகவில்லை. நம் அண்ணன்மார் கதையையே எடுத்துக்கொண்டான். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி தங்காள், சாம்புவன், எதிரியாகத் தலையூர்க் காளி, எல்லோரையும் நடுங்கவைக்கும் கொம்பன் என்ற காட்டுப்பன்றி, இதற்கெல்லாம் நடுவில் ஒரு சின்ன நாய். மொத்தம் 60 சீட்டு.

கொம்பனுக்குப் பலம் 10. சங்கருக்கு 9. பொன்னருக்கு 7. நாய்க்கு 1. ஆனால் ஒரு விதி வைத்திருந்தான். கொம்பன் மேசைக்கு வந்துவிட்டால், நாய்ச் சீட்டு இறங்காமல் எந்த வீரனாலும் அதை வீழ்த்த முடியாது.

அவன் போன கோடைக்கால வகுப்பு ஒன்றில் இந்த விளையாட்டைப் பார்த்த பெரியவர் ஒருவர், "பலமான சீட்டு, பலவீனமான சீட்டு என்று பிரிக்காதே. பலவீனமான சீட்டு வந்த குழந்தைக்கு மனசு கஷ்டப்படும். எல்லாவற்றுக்கும் 5 போடு" என்று திருத்தியிருக்கிறார். பையன் வந்து, "அப்புச்சி, நாய்க்கும் அஞ்சு, கொம்பனுக்கும் அஞ்சு போடச் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு நாய்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அந்தப் பெரியவரிடம் பதில் இருந்திருக்காது. என்னிடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதில் இரண்டு சமாச்சாரங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஆடுகிறவர்கள் சமமாக இருப்பது ஒன்று, ஆடப்படும் பொருட்கள் சமமாக இருப்பது வேறொன்று. முதலாவது கட்டாயம் வேண்டும். இரண்டாவது வந்தால் விளையாட்டே செத்துப்போகும். சதுரங்கத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பதினாறு பதினாறு காய்கள், எள்ளளவும் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தப் பதினாறுக்குள் ராணி ஒரு மாதிரி, குதிரை ஒரு மாதிரி, சிப்பாய் ஒரு மாதிரி. சிப்பாய்க்கு மனசு கஷ்டப்படும் என்று அவனையும் ராணி மாதிரி ஓடவிட்டால் அது சதுரங்கமா? சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து எதிர்க்கோடியைத் தொட்டால் ராணியாகலாம் என்று விதி வைத்தார்களே, அதுதான் சிப்பாய்க்குக் கொடுத்த மரியாதை. பலத்தைக் கொடுக்கவில்லை, ஒரு வாய்ப்பைக் கொடுத்தார்கள்.

அடுத்த பேச்சுக்குப் போகும் முன் நம் தலைமுறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டு என்றாலே நம்மில் பாதிப்பேர் முகம் சுளிப்போம். காரணம் உண்டு. சம்பள நாள் சாயந்திரம் மங்காத்தாவில் கவரோடு தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்களை நான் மில் லைன் வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். காசு வைத்து ஆடுகிற எதையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் சீட்டிலும் ரகம் உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மங்காத்தாவுக்கு அப்படி யாரும் சொல்ல முடியாது. ஏன் தெரியுமா? மங்காத்தாவில் எல்லாச் சீட்டும் ஒன்றுதான். கேட்ட சீட்டு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா, அவ்வளவுதான் கணக்கு. ராஜாவானாலும் ரெண்டானாலும் வித்தியாசம் கிடையாது. ஆடுகிறவன் யோசிக்க ஒன்றுமே இல்லை.

இப்போது அந்தக் கோடை வகுப்புப் பெரியவர் சொன்னதை இதோடு பொருத்திப் பாருங்கள். எல்லாச் சீட்டுக்கும் 5 போட்டால் எந்தச் சீட்டை வைத்திருப்பது, எதை இறக்குவது, எதைத் தள்ளுவது என்று யோசிக்கவே தேவையில்லை. தாயக்கட்டை எப்படி விழுகிறதோ அப்படி ஜெயிப்பதும் தோற்பதும். நியாயம் என்று நினைத்து அவர் குழந்தைகள் கையில் கொடுத்தது மங்காத்தாவைத்தான்.

நம் பக்கத்துப் பழைய ஆட்டங்களைச் செய்தவர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். முந்நூற்று நாலு ஆடியவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலும் அது வெகு பிரசித்தம். அதன் கணக்கை ஒருமுறை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76. நாலு சாதிக்கு நாலு எழுபத்தாறு, 304. ஆட்டத்தின் பெயரே அந்தக் கூட்டுத்தொகைதான். பாலக்காட்டுப் பக்கம் ஆடும் இருபத்தெட்டும் இதே வீட்டுப் பிள்ளை. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ஆக 7. நாலு ஏழு 28.

இதில் என்ன விசேஷம்? ராஜாவைத் தூக்கிக் கீழே வைத்து, வேலைக்காரன் மாதிரி நிற்கும் ஜாக்கியை உச்சியில் வைத்தார்கள். யாரும் மதிக்காத ஒன்பதை இரண்டாம் இடத்தில் உட்காரவைத்தார்கள். ஏழுக்குப் புள்ளி சைபர். ஆனால் அந்த ஏழு துருப்பாக இருந்தால், வேற்றுச் சாதி ஜாக்கியையே வெட்டிவிட்டு முப்பது புள்ளியை அள்ளிக்கொண்டு வரும். சைபர் புள்ளிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சரியான நேரத்துக்காகக் காத்திருப்பதுதான் அந்த ஆட்டத்தின் ருசி. எல்லாச் சீட்டுக்கும் 9½ புள்ளி கொடுத்தாலும் கூட்டுத்தொகை 304 வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 சீட்டு, தலைக்கு ஒன்பதரை. கூட்டுத்தொகை சரியாக இருக்கும், ஆட்டம் மட்டும் இருக்காது.

இன்னும் பழையது கஞ்சிபா. வட்டமான சீட்டுகள், கையால் வரைந்தவை. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வரும் மைசூரில் அரண்மனை ஆதரவோடு செழித்த கலை அது. தசாவதார கஞ்சிபாவில் பத்து அவதாரத்துக்குப் பத்து சாதி. ஒவ்வொன்றிலும் ராஜா, மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள், ஆகப் பன்னிரண்டு. மொத்தம் 120. அதில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். பாதிச் சாதிகளில் மந்திரிக்கு அடுத்துப் பெரியது பத்து, கடைசி ஒன்று. மீதிப் பாதியில் வரிசையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். மந்திரிக்கு அடுத்து ஒன்றுதான் பெரியது, பத்துதான் கடைசி. ஆக, கையில் சின்ன எண்ணாக வந்தவன் மூஞ்சியைத் தொங்கப்போட வேண்டியதில்லை. ஒரு சாதியில் சின்னதாக இருப்பது இன்னொரு சாதியில் பெரியது. சீட்டுகளைச் சமமாக்காமலே ஆடுகிறவர்களைச் சமமாக்கியது அந்த ஒரு விதி.

அதே மைசூரில் எல்லை மீறிய உதாரணமும் இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) விளையாட்டுப் பிரியர். அவரே புதுப்புதுச் சீட்டாட்டங்களைக் கற்பனை செய்தார். அவற்றில் பெரியதற்கு 18 சாதிகள், 360 சீட்டுகள். சித்திரங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவை அரண்மனைக்கு வெளியே மக்களிடம் பரவவில்லை. விளையாட்டைச் செய்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு எச்சரிக்கை. மனசில் தோன்றும் பாத்திரத்துக்கெல்லாம் ஒரு சீட்டு என்று போய்க்கொண்டே இருந்தால், பார்க்க நன்றாக இருக்கும், ஆட ஆள் இருக்காது.

இப்போது நாய்க்கு வருகிறேன். அண்ணன்மார் கதையை நம் கிராமங்களில் உடுக்கடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடிக் கேட்டிருப்பீர்கள். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற மானுடவியல் அறிஞர் 1960களில் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி இந்தக் கதையைப் பாட்டாகவே பதிவு செய்து பிறகு அச்சிலும் கொண்டுவந்தார். அதில் கொம்பன் வேட்டைக்குப் பெரிய பெரிய நாய்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தச் சின்ன நாயை யாரும் கூப்பிடவில்லை. வீரர்களால் ஆகாமல் போனபின் கடைசியில் அதுதான் கொம்பனுக்கு அடியில் புகுந்து கடித்து நிலைகுலைய வைக்கிறது. அப்புறம்தான் சங்கரால் ஈட்டி பாய்ச்ச முடிகிறது.

அந்த நாய்க்கு 5 போட்டால் என்ன ஆகும்? அது இன்னொரு வேட்டைநாய் ஆகிவிடும். கூப்பிடாமல் விட்ட நாய் என்பதுதான் அதன் கதையே. அதன் பலம் 1 ஆக இருக்க வேண்டும். ஊரே நடுங்கும் நேரத்தில் அந்த ஒன்றுதான் உதவ வேண்டும். அருக்காணி தங்காளுக்கும் இதே நியாயம். அவள் சீட்டுக்குப் பையன் போட்ட சண்டைப் பலம் சைபர். ஆனால் படுகளத்தில் விழுந்த அண்ணன்மாரை ஒருமுறை எழுப்பும் உரிமை அவளுக்கு மட்டும்தான். கதையிலும் அப்படித்தானே? 'பெண்ணுக்குச் சைபர் போடலாமா' என்று அவளுக்கும் அங்கே ஒரு 5 கொடுக்கச் சொன்னார்களாம். கத்தி பிடித்தால்தான் மரியாதை என்று நினைக்கிறவர்கள் அந்தக் கதையை ஒருநாளும் முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாய்ச் சீட்டில் ஒரு நுட்பமும் இருக்கிறது. கையில் ஐந்து சீட்டுதான் வைத்திருக்கலாம் என்பது விதி. நாயை வைத்திருந்தால் ஓர் இடம் அடைபடும். கொம்பன் எப்போது வரும் என்று தெரியாது. வைத்திருப்பதா, தள்ளிவிட்டு உடனே உதவும் வேறு சீட்டை எடுப்பதா? அங்கேதான் பிள்ளை யோசிக்கிறான். பலவீனமான சீட்டு ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதில்லை, நம்மை யோசிக்க வைக்கிறது.

சரி, நாய்ச் சீட்டு எத்தனை வேண்டும்? பையன் முதலில் ஒன்று வைத்தான். அது கட்டின் அடியில் போய் மாட்டிக்கொண்ட அன்று யாராலும் கொம்பனை அசைக்க முடியவில்லை, ஆட்டம் நட்டுக்கொண்டு நின்றது. நாலாக்கினான். கொம்பன் பெருச்சாளி மாதிரி ஆகிவிட்டது, வந்த உடனே செத்தது. கடைசியில் இரண்டு என்று நின்றது. பலத்தை அவன் தொடவே இல்லை. எண்ணிக்கையை மாற்றினான், அவ்வளவுதான்.

இதுதான் நான் அழுத்திச் சொல்ல வந்த அடுத்த விஷயம். ஒரு சீட்டின் பலத்தைவிட, ஒவ்வொரு வகையிலும் எத்தனை சீட்டு என்பதுதான் விளையாட்டைத் தீர்மானிக்கிறது. முப்பத்து நாலு வருஷம் நூற்பாலையில் பஞ்சுக் கலவையோடு மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்கு இது சீக்கிரம் புரிந்தது. நம் கோவையில் உருவான சுவின் பஞ்சைத் தெரியும் அல்லவா? சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் ஒட்டி எழுபதுகளில் கொண்டுவந்தது, நீளமான இழை, நூறாம் நம்பருக்கு மேல் நூல் இழுக்கலாம். அதற்காக நாற்பதாம் நம்பர் நூலுக்குச் சுவினைப் போட்டால் முதலாளி நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எந்த நூலுக்கு எந்தப் பஞ்சு, எவ்வளவு என்பதுதான் கலவை. ஓட்டத்தில் விழும் நல்ல வேஸ்ட்டைக்கூடக் கணக்காக மறுபடி சேர்ப்போம். அளவு கூடினால் நூல் அறும். சேர்க்காமலே விட்டால் காசு நஷ்டம். 'எல்லாம் முதல் தரப் பஞ்சு' என்று ஒரு மில் ஓட்ட முடியாது. 'எல்லாம் வீரர்' என்று ஒரு சீட்டுக்கட்டும் ஓடாது.

பையனின் முதல் கட்டு அப்படித்தான் இருந்தது. வீரரும் ஆயுதமும் 30, விளைச்சல் 12, ஆபத்து 12, உதவி 6. வீரனைப் பலகையில் இறக்க விளைச்சல் சீட்டைக் கொடுக்க வேண்டும். சோறில்லாமல் படை நடக்காது என்பது நல்ல விதிதான். ஆனால் 60இல் 12தான் விளைச்சல் என்றால், ஐந்து சீட்டு எடுக்கும் ஒருவன் கையில் ஒரு விளைச்சல்கூட வராமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 31. நாலு பேர் உட்கார்ந்தால் சராசரியாக ஒருவராவது வெறுங்கையோடு வேடிக்கை பார்க்க வேண்டும். கையில் சங்கர் இருப்பான், ஈட்டி இருக்கும், இறக்க ஒரு படி நெல் இருக்காது. விளைச்சலை 24 ஆக்கினால் அந்த 31, 7ஆக இறங்குகிறது. பிளஸ் டூ படித்த எந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும். இப்போது அவன் கட்டில் விளைச்சல் 24, வீரரும் ஆயுதமும் 14, ஆபத்து 12, உதவி 10.

இது அவன் கண்டுபிடித்த ரகசியம் அல்ல, உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். 1993இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு கொண்டுவந்த மேஜிக் என்ற மாயாஜாலச் சீட்டாட்டத்தில், 60 சீட்டுக் கட்டில் 24 அளவுக்கு வெறும் நிலச் சீட்டாக வைப்பது ஆடுகிறவர்களின் வழக்கம். பூதமும் மந்திரவாதியும் பறக்கும் ஆட்டத்தில் நூற்றுக்கு நாற்பது வெறும் மண்! பேரப்பிள்ளைகள் ஆடும் ஊனோவை எடுங்கள். 1971இல் ஒஹாயோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் என்பவர் உருவாக்கியது. பழைய பெட்டியில் 108 சீட்டு. அதில் 76 வெறும் எண்கள். தாண்டு, திருப்பு, ரெண்டு எடு என்பவை 24. நிறம் மாற்றும் சீட்டுகள் 8. நூற்றுக்கு எழுபது சாதாச் சீட்டு என்பதால்தான் 'நாலு எடு' விழும்போது வீடே அலறுகிறது. அதையே ஐம்பது வைத்திருந்தால் யார் அலறுவார்கள்?

"அப்படியானால் பலம் வேறுபட்டால் ஒருத்தன் பக்கம் சாய்ந்துவிடாதா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. சாயும். சாய்கிறதா என்று பார்க்க நம் திண்ணையிலேயே ஒரு வழி இருந்தது. ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்திப்பு. புலி தாண்டிக் கொல்லும். ஆட்டுக்குக் கொல்லும் சக்தியே கிடையாது. ஆடுகள் எல்லாம் இறங்கி முடியும்வரை ஓர் ஆடுகூட நகரக்கூடாது. ஆனாலும் அவை கூடி நின்று புலிக்கு வழி அடைத்தால் ஜெயம் ஆட்டுக்கு. இதைவிடச் சமமில்லாத இரண்டு பக்கம் உண்டா? அது நியாயமானது எப்படி? ஓர் ஆட்டம் நீ புலி, அடுத்த ஆட்டம் நான் புலி. பக்கம் மாற்றி ஆடிப் பார்த்தால், தோற்றது பக்கமா ஆளா என்று தெரிந்துவிடும். புது விளையாட்டு செய்கிற எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்வது இதுதான். பத்து ஆட்டம் ஆடு, பக்கம் மாற்றி ஆடு, ஒரு நோட்டில் எழுது. எந்தப் பக்கம் உட்கார்ந்தவன் எப்போதும் ஜெயிக்கிறானோ அங்கே கை வை. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு எண்ணிக்கையை மட்டும் மாற்று. மில்லிலும் அப்படித்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் நூல் அறுந்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

இதற்கு நேர் எதிர்த் தவறு கடைகளில் விற்கிறது. அது இன்னும் மோசம். மூடிய பாக்கெட்டில் சீட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அபூர்வமான பலசாலிச் சீட்டு எப்போதாவது ஒன்று வரும். அது வரும்வரை அப்பாவைப் பிடுங்கி வாங்க வேண்டும். பத்துப் பாக்கெட் வாங்கிய பிள்ளை, ஒரு பாக்கெட் வாங்கிய பிள்ளையோடு ஆடுகிறது. இங்கே சீட்டுகள் சமமில்லை என்பது குற்றம் அல்ல, ஆடுகிறவர்கள் சமமில்லை என்பதுதான் குற்றம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே வாட்ச்மேன் மகனும் மேல்மாடிக்காரர் மகனும் சேர்ந்து உட்காரும் இடத்தில் இந்த பாக்கெட் வந்தால், யார் ஜெயிப்பது என்பது கடையிலேயே முடிவாகிவிடுகிறது. முந்நூற்று நாலில் அப்படி இல்லை. மிராசுதாரும் அவர் தோட்டத்து ஆளும் உட்கார்ந்தாலும் கட்டு ஒன்றுதான், கலைத்துப் போட்டால் ஜாக்கி யாருக்கும் வரும். பணம் மேசைக்கு வெளியே நிற்க வேண்டும். எல்லாருக்கும் 5 போடச் சொன்ன பெரியவரின் அக்கறை இங்கே வேலை செய்திருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அவர் வகுப்பிலேயே இந்த பாக்கெட்டுகள் பரிசாகப் போனதாகப் பையன் சொன்னான்.

கடைசியாக அந்த 'மனசு கஷ்டம்'. பலவீனமான சீட்டு வந்த பிள்ளைக்கு மனசு கஷ்டப்படும் என்கிறார்களே, படட்டும். நம் எல்லாருக்கும் வாழ்க்கை கலைத்துப் போட்ட கை ஒன்றா? ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிக்கே கிணற்றடி நிலம் ஒருத்தருக்கு, மேட்டுக்காடு ஒருத்தருக்கு என்றுதான் வந்தது. மேட்டுக்காட்டில் நிலக்கடலை போட்டு மேலே வந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! வந்த கையை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பழக்கம், ஒரு அட்டைச் சீட்டில், ஒரு சாயந்திரத்தில், யாருக்கும் நஷ்டமில்லாமல் வருமென்றால் அதைவிட மலிவான படிப்பு ஏது? அதற்காக எப்போதும் ஒரே பிள்ளைக்கு மோசமான கை வருகிற மாதிரி விளையாட்டைச் செய்யக்கூடாது. அதனால்தான் கலைக்கிறோம், பக்கம் மாற்றுகிறோம், விளைச்சலை 24 ஆக்குகிறோம். கை மோசமாக வரலாம், வழியே இல்லாமல் போகக்கூடாது. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் குழந்தைகளின் விளையாட்டைத் திருத்தப் புறப்படக்கூடாது.

"பேசாமல் பரமபதத்தைக் கொடுத்துவிடலாமே" என்றும் சில நண்பர்கள் சொல்கிறார்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க அது நல்ல துணைதான். ஏணியும் பாம்பும் எல்லாருக்கும் பொது, அங்கே நியாயத்துக்குக் குறைவில்லை. ஆனால் கட்டை விழுந்தபடி காய் போகும். ஏறுவதோ இறங்குவதோ நம் கையில் இல்லை. அது சொல்லிக் கொடுப்பது பக்தியை. முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்கச் சீட்டு வேண்டும், சமமில்லாத சீட்டு வேண்டும்.

ஆகவே உங்கள் வீட்டுப் பேரனோ பேத்தியோ அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். 'இந்தச் சீட்டு ஏன் இவ்வளவு சின்னது?' என்று கேட்காதீர்கள். 'இது எப்போது உதவும்?' என்று கேளுங்கள். பதில் இருந்தால் அந்தச் சீட்டு இருக்கட்டும், அதன் எண்ணை யாரும் தொட வேண்டாம். பதில் இல்லையென்றால், அது 10 ஆக இருந்தாலும் எடுத்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களும் ஒரு கை உட்கார்ந்து ஆடுங்கள். தெரிந்தே விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள். நம்மை நியாயமாக ஜெயித்த அன்றுதான் அதுகளுக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும்.